தறி நின்ற காலை

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று காலை நான் ஏமாற்றத்தான் போயிருந்தேன்.

பல்லடம் சாலையில், விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே ஒரு பட்டறை. ஆளில்லா விமானங்களுக்கான சின்ன ஜெட் இன்ஜின் அங்கே தயாராகிறது. கைப்பெட்டி அளவுதான் இருக்கும், ஓடவிட்டால் ஊரையே கூட்டிவிடும். அந்தச் சத்தத்தை அளப்பதும் அடக்குவதும் என் வேலை. சோதனை அறையின் புகைவாயிலில் நான் வடிவமைத்த சைலன்சரைப் பொருத்தி மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதில், காதைக் கிழிக்கும் கீச்சொலி அடங்கிவிட்டது. அடியில் கிடந்த உறுமல் மட்டும் அடங்கவில்லை. அதை விழுங்க சைலன்சர் இரண்டு மடங்கு நீளமாக வேண்டும். அதற்கு அறையை இடித்துக் கட்ட வேண்டும். முதலாளிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஒரு தறிக்காரரின் வீடு. சத்தத்தில் ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால், இன்ஜினைத் தினமும் ஓட்டலாம். போடாவிட்டால் பட்டறையை வேறு இடம் பார்த்துக் கொண்டுபோக வேண்டியதுதான். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம்.

ஒலி அளக்கும் மீட்டரைப் பற்றி எனக்குப் பயமில்லை. நம் காது மந்தமாகக் கேட்கிற, உறுமல் போன்ற தாழ்ந்த ஒலியை அது குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். விதியும் அந்த எண்ணைத்தான் கேட்கிறது. பயமெல்லாம் அந்த வீட்டாரின் காதுகளைப் பற்றித்தான். அதனால் தறிகள் முழுவீச்சில் ஓடுகிற பதினொரு மணியைத் தேர்ந்தெடுத்தேன். தறிச்சத்தத்திலேயே வாழ்கிறவர்களுக்கு இது ஒரு சத்தமா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அவர் வாசலில் முக்காலியை விரித்து மைக்கைப் பொருத்திக்கொண்டிருந்தேன். முதலாளி கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தோடு பக்கத்தில் நின்றார். திடீரென்று தறிக்காரரின் கூடத்தில் தடதடப்பு நின்றது. பிறகு பக்கத்துக் கூடம். அதற்கடுத்த கூடம். தெருவே வாயடைத்த மாதிரி ஆயிற்று. தறிக்காரர் பஞ்சு ஒட்டிய கையைத் துடைத்தபடி சிரித்த முகமாக வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க அளக்கோணுமில்லீங்க, அதான் நிறுத்திப்போட்டேன். பக்கத்துக்காரங்ககிட்டயும் சொல்லிப்போட்டேனுங்க."

இந்த மனிதரை யார் இவ்வளவு மரியாதை காட்டச் சொன்னது?

"தறி ஓடட்டுங்கண்ணா, எங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சலில்லீங்க" என்றேன்.

"அதெப்படிங்க? வேலைன்னா வேலையாட்டம் செய்யோணுமில்லீங்க."

வேறு வழியில்லாமல் பட்டறைக்குப் போன் செய்து இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன்.

முதலில் மெல்லிய இரைச்சல்தான் வந்தது. முதலாளியின் முகம் மலர்ந்தது. அப்புறம் உறுமல் எழுந்தது. காதில் கேட்டதைவிட அது நெஞ்சுக்கூட்டில் அதிகம் தெரிந்தது. சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று ஆடத் தொடங்கின. உள்ளே படுத்திருந்த மகள் சுவரைப் பிடித்தபடி நிலைப்படிக்கு வந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"எவ்வளவும்மா?" என்றார் முதலாளி.

"எல்லைக்குள்ளதான் சார்." பொய்யில்லை.

தறிக்காரர் பேனாவுக்குக் கை நீட்டினார். "அம்மணி அளந்து சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

நான் மகளைப் பார்த்தேன். "என்ன பண்ணுது கண்ணு?"

"கொழந்தை உள்ள உதறி உதறி விழுதுங்க்கா" என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சிரித்தாள். "பரவாயில்லீங்க்கா, பழகிக்குவேன்."

எனக்கு வந்த கோபத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. இவர்களையா, மீட்டரையா, என்னையா? 'வேண்டாம்' என்ற ஒரு சொல் இந்த வீட்டில் யார் வாயிலும் வராது. அதை நம்பித்தான் நானும் வந்திருந்தேன்.

"பழக வேண்டாம்" என்று கத்தியேவிட்டேன். முதலாளி கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி என் பைக்குள் திணித்தேன். போனில் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். "அறையை இடிச்சுக் கட்டணும் சார். சைலன்சர் பத்தாது. எனக்கு முன்னாலேயே தெரியும்."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று பட்டறைக்கு நடந்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். தட்டுகளின் ஆட்டம் நின்றிருந்தது. மகள் நிலைப்படியிலேயே மெதுவாக உட்கார்ந்தாள்.

தறிக்காரர் திகைத்துப்போய் நின்றார். ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல என்னிடம் கேட்டார். "அப்ப… தறிய ஓட்டிக்கலாமுங்களா?"

தலையசைத்தேன். ஒவ்வொரு கூடமாகத் தடதடப்பு திரும்ப எழுந்தது. என் கணக்கு பலித்திருக்குமா என்று சோதிப்பதற்காகவே பட்டறைக்குப் போன் போட்டு, இன்ஜினை இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். அதே இடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிலைப்படியில் அவள் மட்டும் வயிற்றில் கையை வைத்தாள்.