வீரம்மா சுமந்த கிட்டங்கிக் கற்கள்

பக்கத்துக் காணி வீரம்மாவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்திலிருந்து பதினைந்து வயதில் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். அதன்பிறகு எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள் என்று கேட்டால், "அதை விடு தம்பி, களைப்பாக் கிடக்கு" என்பார்.

போர் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து பூநகரிக் கரைக்குத் திரும்பியபோது அவரிடம் மிஞ்சியது கூரைக்குப் போட ஒரு தறப்பாளும் அரை ஏக்கர் காணியும். மாரியில் குடிசைக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கடலோரப் பற்றைக்குள் பறங்கிக் கிட்டங்கி இடிந்து கிடந்தது. போர்த்துக்கேயர் வன்னியில் பிடித்த யானைகளைக் கப்பலேற்றும்வரை கட்டிவைத்து, சாமான்களையும் அடுக்கிய இடம் என்பார்கள். யானைகளைக் கொண்டுபோனவர்கள் கற்களை மட்டும் விட்டுப் போனார்கள். வீரம்மா அந்த முருகைக்கற்களை அரை மைல் தூரம் தலையில் சுமந்து வந்து சமைக்கிற குசினிக்கு அத்திவாரம் போட்டார்.

போன வருடப் பங்குனியில், பழைய கட்டடங்களை அளக்கிற அதிகாரி ஒருவர் வந்தார். குசினி அத்திவாரத்தைக் குனிந்து பார்த்தார்.

"அம்மா, இந்தக் கல்லெல்லாம் முதலே இங்க இருந்ததோ?"

அரசாங்கக் கந்தோர்க்காரரைக் கண்டால் எங்கள் சனத்தின் வாயில் ஒரே பதில்தான் வரும். காணிப் பெர்மிற்றுக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

"ஓம் ஐயா. எல்லாம் ஆதியில இருந்தே இங்கதான்."

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. காணிக்கு அடியில் போர்த்துக்கேயர் காலக் கட்டடம் இருப்பதாகத் தெரிகிறது, ஆகவே குடியிருப்பவர் வேறிடம் போக ஆயத்தமாக வேண்டும். நான்தான் வாசித்துக் காட்டினேன். நானூறு வருடத்துக்கு முந்தி வந்துபோனவனுக்கு இருக்கிற மரியாதை இந்த மனுசிக்கு இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீரம்மா கோபப்படவில்லை. "இனியொருக்காச் சாமான் கட்ட என்னால ஏலாது" என்றார்.

எல்லைக் கட்டை நட வந்த அதிகாரியை அவர் வேலிப் படலையிலேயே மறித்தார்.

"அண்டைக்கு நான் பொய் சொன்னனான், ஐயா. கல்லு கிட்டங்கியில களவெடுத்தது."

"அது குற்றம் அம்மா. வழக்கு வரும்."

"வரட்டும். எழுதுங்கோ."

அதிகாரி நம்பவில்லை. காணிக்காகக் கதை விடுகிறீர்கள், இந்தப் பாரத்தை நீங்கள் தூக்கியிருக்க மாட்டீர்கள் என்றார். வீரம்மா அலவாங்குக் கம்பியை எடுத்துக் குசினி மூலையைக் கிண்டினார். கல் கழன்றது, சுவர் சரிந்தது; அடியில் வெறும் மணல்தான். சேலைத்தலைப்பைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கல்லைத் தலையில் ஏற்றிவிட்டேன். எங்கும் இறக்கி வைக்காமல் கிட்டங்கிவரை நடந்தார். அதிகாரி பின்னாலேயே வந்தார்.

"மிச்சக் கல்லையும் கொண்டுவந்து தாறன், ஐயா. என்னை மட்டும் இந்தக் காணியால எழுப்பாதையுங்கோ."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். களவெடுத்தேன் என்ற தாளில் வீரம்மா கையெழுத்து வைத்தார்.

காணி தப்பியது. இப்போது தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்குப் போய்வருகிறார். அலைச்சலாக இல்லையா என்று கேட்டேன்.

"அலைச்சல்தான். ஆனா பின்னேரம் திரும்பி வாறனே, தம்பி."