சிவந்த நான்கு கைகள்

எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டுக்கா மலையாளத்துக்கா என்ற எல்லைப் போராட்டம் சூடாக இருந்த சமயம். உதியன்குளங்கரையில் ஒரு பிளாஸ்டிக் சீப்புப் பட்டறையில் சாயம் கலப்பது என் வேலை. உருக்கிய பிசினில் சிவப்புப் பொடியைப் போட்டு, ஆறியபின் கையால் பிசைய வேண்டும். எத்தனை தேய்த்தாலும் கையில் சிவப்பு போகாது.

சீப்புக்குப் பல் அறுப்பவர் மாதவன் அண்ணன், மலையாளி. செங்கல் கிராமம் யாருக்கு, குன்னத்துகால் கிராமம் யாருக்கு என்று எங்களுக்குள் தினமும் சண்டைதான்.

ஒருநாள் காலையில் சந்திச் சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்தில் தமிழர் கோஷங்கள். நான் எழுதவில்லை. ஆனால், பக்கத்துக் கடையில் போலீஸ், யார் கையில் சிவப்புக் கறை இருக்கிறது என்று ஒவ்வொருவர் கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பட்டறையில் சிவந்த கை எனக்கு மட்டும்தான்.

அண்ணன் எழுந்து வந்து என் சாயச் சட்டியில் இரண்டு கைகளையும் முக்கினார். அது இன்னும் ஆறியிருக்கவில்லை. அவர் முகம் கோணியது, சத்தம் வரவில்லை.

போலீஸ் உள்ளே வந்ததும், என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளையும் நீட்டினார்.

"ஸாரே, இது பணி செய்யுந்ந கையாணு." வேலை செய்து சிவந்த கை என்றார்.

அவர் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். போலீஸ் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் இரண்டு கைகளிலும் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எலே, செங்கல் எங்களுக்காக்கும்" என்றார்.

அன்று அவருடைய சீப்புகளுக்கும் நானே பல் அறுத்தேன்.