கம்பிக்கு உள்ளே சாப்பிட்டது

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் ஸ்டோரில் இன்ஜின் வேலை பழகப் போனேன். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் இடம்தான் ஸ்டோர். அது வேலிக்கு உள்ளே இருந்தது. அதுவரை நானும் என் வீட்டுக்காரியும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம்.

தோட்டத்துத் துரை ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மூன்று வருஷம் இன்ஜினைப் பார்க்கும் பிட்டரிடம் பழக வேண்டும். அதுவரை பாதிச் சம்பளம், லயத்து வீடு உண்டு. முடித்தால் பிட்டர் வேலை. பாதிச் சம்பளத்தில் எப்படி என்று நான் தயங்கினேன்.

"மீதிக்கு நான் வெட்டுறேன், நீங்க போங்க" என்றாள் வீட்டுக்காரி. "ரெண்டு பேரும் மரத்தையே கட்டிக்கிட்டு சாகணுமா?"

போனேன்.

அப்போது சோறு, அரிசி, சீனி எதையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். காலையில் வாசலில் சோதனை நடக்கும். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். தூக்குச்சட்டியைத் திறப்பாள். சில நாள் கொண்டையையும் அவிழ்க்கச் சொல்வாள். என் வீட்டுக்காரி சீனி போடாத கோப்பி மட்டும் கொண்டுபோவாள். பாலைத் தூக்கிவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு சேர மத்தியானம் தாண்டிவிடும்.

எனக்குப் பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். வீட்டுக்கு வந்தால் விடியுமுன் அவள் ஆக்கி வைத்த சோறு மூடியிருக்கும். அவள் வெளியே வெறும் வயிற்றோடு நிற்கும்போது நான் நிழலில் உட்கார்ந்து தின்னக் கூடாது என்று நினைத்தேன். என் பங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவேன். அவளிடம் சொல்லவில்லை. சில மாதம் அப்படியே ஓடியது.

ஒருநாள் இன்ஜின் பக்கத்தில் எனக்குக் கண் இருட்டியது. பிட்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சபாக் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த வேதக்காரர் அவர்.

"என்னப்பா, குடிச்சியா?"

"இல்லண்ணே."

"சாப்டியா?"

"தண்ணி குடிச்சேண்ணே."

"பெல்ட்டு கைய இழுத்துச்சுன்னா திருப்பித் தராதுலா. இன்னொரு தரம் இப்படி ஆனா மரத்துக்கே போயிரு. தொரைகிட்ட நானே சொல்லிருவேன்."

நான் வீடு போவதற்குள் சேதி வீட்டுக்காரிக்குப் போய்விட்டது; பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும் தெரிந்துவிட்டது. அவள் தட்டை வைத்தாள்.

"யாருக்கு விரதம்?"

"நீ அங்க பட்டினியா நிக்கிற."

"நீங்களும் கெடந்தா எனக்கு நெறஞ்சிருமா? பக்கத்து வீட்டுப் புள்ளைங்க நல்லா கொழுத்துப்போச்சு. அதுங்கள பிட்டராக்கவா நான் வெட்டுறேன்?"

"நான் மரத்துக்கே வந்துர்றேன்."

அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப இத்தன மாசம் நான் பட்டினியா நின்னது எதுக்கு?"



மறுநாள் மணி அடித்ததும் வீட்டுக்குப் போனேன். தட்டு நிறையப் போட்டுக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பு. அந்த நேரம் அவள் கடைசி மர நிரையில் பால் எடுத்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியும். சோறு இறங்காது என்றுதான் நினைத்தேன். இறங்கியது. ருசியாகவும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. இன்னொரு முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். அன்றுதான் பிட்டர் ஒரு பேரிங்கை என்னைத் தனியாகக் கழற்றச் சொன்னார். சுத்தமாகக் கழற்றி வைத்தேன்.