இடப்பக்கத்து நீலம்

அவள் பிறந்ததிலிருந்தே நிலைகொள்ளாதவள். பள்ளியில் உட்காரச் சொன்னால் நிற்பாள். நிற்கச் சொன்னால் வாசல்வரை போய்விட்டு வருவாள். கல்லூரியில் முதலில் வேதியியல், அப்புறம் கணக்கு, கடைசியில் இரண்டையும் கைகழுவிவிட்டு இயற்பியல். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வீடு மாறியாயிற்று, மூன்றுமே அவளுடைய யோசனைதான். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தினமும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் உயிரை வாங்குவதால், வீட்டுக்குள் ஒருத்தி குறுக்கும் நெடுக்கும் நடப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்படிப்பட்டவள் ஒரே வேலையில் ஆறு வருஷம் ஒட்டிக்கொண்டாள் என்றால், அது கேலக்ஸிகளால்தான். அதிலும் பிரபஞ்சம் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்துக் கேலக்ஸிகள். அன்றைக்குக் கிளம்பிய வெளிச்சம் இன்றைக்குத்தான் நம் தொலைநோக்கிக்கு வந்து சேர்கிறது. வாயுவை வாரி விழுங்கி நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளிய கேலக்ஸிகள் அவை. அந்த அமளியில் அவை ஒழுங்காகச் சுழன்றனவா, இல்லை தறிகெட்டுக் கொந்தளித்தனவா என்பதுதான் கேள்வி. சுழல்கிற கேலக்ஸியில் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வரும்; அதன் ஒளி கொஞ்சம் நீலத்தின் பக்கம் நகரும். மறுபக்கம் விலகிப் போகும். அது சிவப்பின் பக்கம் நகரும். இந்த நகர்வை அளந்து, நீலமும் சிவப்புமாகப் படம் தீட்டுவது அவள் வேலை.

தீட்டிய படம் எல்லாமே பாதி நீலம், பாதி சிவப்பு. ஒன்றுகூட விடாமல் எல்லாமே சுழன்றன. பிரபஞ்சம் அத்தனை சீக்கிரம் அடங்கி ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று அவள் சொன்னதை நாலு பேர் மேற்கோள் காட்டினார்கள். அதில் அவளுக்கு ரகசியமாக ஓர் ஆறுதலும் இருந்தது. தனக்கு வாய்க்காத அடக்கம் தன் கேலக்ஸிகளுக்காவது வாய்த்ததே.

ஆய்வு நிலையத்தில் கருத்தரங்கு. மறுநாள் காலை முதல் பேச்சே அவளுடையது. நடைபாதைச் சுவரில் அவள் படங்களை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கேலக்ஸியைப் பார்க்கும்போதும், தொலைநோக்கியில் மாட்டியிருக்கும் ஒளி அளக்கும் கருவியை வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால் படத்தை அச்சிடும் முன் வானத்தின் வடக்கு மேலே வருமாறு சுழற்றிக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. அவசரக்குடுக்கை அதை மறந்துவிட்டாள். கருவி எடுத்தது எடுத்தபடியே அச்சிட்டு, வரிசையாக ஒட்டிவிட்டு, டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வரும்போது நடைபாதையின் கோடியிலிருந்து மொத்த வரிசையும் கண்ணில் பட்டது. எல்லாப் படத்திலும் நீலம் இடது பக்கம். சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டடி வைப்பதற்குள் நின்றுவிட்டாள்.

வானத்தின் வெவ்வேறு மூலையில் கிடக்கிற கேலக்ஸிகள் அவை, ஒன்றுக்கொன்று எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அவளுடைய கருவிக்கு எது இடது கை என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? கருவிக்கு மட்டும்தான் தெரியும்.

துறைத்தலைவியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"மேடம், இன்னிக்கே தொலைநோக்கியில ரெண்டு மணி நேரம் வேணும். கருவியைத் தலைகீழாத் திருப்பி, ஒரே ஒரு கேலக்ஸியை மறுபடி பார்க்கணும். நிஜமாவே சுழலுதுன்னா நீலம் வலது பக்கம் போயிடும்."

"போகலைன்னா?"

"அது கேலக்ஸியோட நீலம் இல்ல மேடம். கருவியோடது."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாளைக்குப் பேச்சை வச்சுக்கிட்டு இன்னிக்கா உனக்குச் சந்தேகம் வரணும்? முதல்ல பேசிடு. அப்புறமா நிதானமாப் பார்த்துக்கலாம்."

"என்னால நிதானமா இருக்க முடியாது மேடம்."

"அது இந்தக் கட்டடத்துக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, தனக்கு ஒதுக்கியிருந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தார்.

எந்தக் கேலக்ஸி? அவளுக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. அவள் முதன்முதலில் அளந்தது, எல்லாவற்றிலும் பிரகாசமானது, அவள் 'செல்லம்' என்று கூப்பிடுவது. மற்றதெல்லாம் பொய்யானாலும் செல்லம் பொய்யாகாது. செல்லமே பொய்யென்றால் மிச்சத்தைப் பார்க்கவே வேண்டாம்.

உலகத்தின் மறுபக்கத்தில், தொலைநோக்கி இருக்கும் மலையில் அப்போது இரவு, இங்கே பட்டப்பகல். கணவர் வகுப்பை முடித்துக்கொண்டு வந்தபோது அவள் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவரும் சேர்ந்துகொண்டார்.

"சுழலலைன்னா என்ன ஆகும்?"

"ஆறு வருஷம் சொன்னதெல்லாம் தப்புன்னு ஆகும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் நானே சொல்லணும்."

"சொல்லாம இருந்தா?"

"யாருக்கும் தெரியாது. வடக்கை மேல வச்சு ஒட்டிட்டா ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"இதுல புத்தி சொல்ற அளவுக்கு எனக்கு விவரம் கிடையாது. வா, இன்னொரு சுத்து நடப்போம்."

மலையிலிருந்து போன் வந்ததும் படியேறி ஓடினாள். திரையில் செல்லத்தின் படம் கீழிருந்து மேலாக நிரம்பிக்கொண்டிருந்தது. நீலம் இடது பக்கத்திலேயே இருந்தது.

"கருவியை நிஜமாவே திருப்பினீங்களாண்ணே?"

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன் தங்கச்சி. தலைகீழாத்தான் இருக்கு" என்றார் தொலைநோக்கியை இயக்குபவர்.

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். செத்துப்போனவருக்கு அழுகிற அழுகைதான் அது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கோளாறு எங்கே என்று தேடினாள். கருவியின் பிழைகளைச் சரிசெய்ய, அதைச் செய்தவர்கள் கூடவே கொடுத்த திருத்தக் கோப்பில் ஒரு மெல்லிய சாய்வு இருந்தது; எதைப் படமெடுத்தாலும் இடது பக்கத்தை நீலமாகவும் வலது பக்கத்தைச் சிவப்பாகவும் நகர்த்துகிற சாய்வு. அந்தக் கருவியைத் தொட்ட ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகிற கோப்பு அது. சாய்வைக் கழித்துப் பார்த்தாள். செல்லத்தில் ஒழுங்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. நீலமும் சிவப்பும் திட்டுத்திட்டாகக் கலந்து கொதித்துக்கொண்டிருந்தன.

தலைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு நான் வேணா சொல்லிடவா?"

"வேணாம் மேடம். சுழலுதுன்னு சொன்னது நான்தானே."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. தயாரித்து வைத்திருந்த பேச்சை அவள் தொடவே இல்லை. ஒரே கேலக்ஸியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

"இது கருவி நேரா இருந்தப்போ எடுத்தது. இது தலைகீழாத் திருப்பி எடுத்தது" என்றாள். "ஆறு வருஷமா நான் சொன்னது தப்பு."

இரண்டிலும் நீலம் இடது பக்கம். அதற்குமேல் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேள்விக்காகக் காத்து நின்றாள். பின்வரிசையில் ஒருவர் மெதுவாகத் தன் மடிக்கணினியைத் திறந்து, அதே கருவியில் எடுத்த தன் பழைய படங்களைத் தேடத் தொடங்கினார். அப்புறம் அவருக்கு முன்னால் இருந்தவர். அப்புறம் அந்த வரிசை முழுக்க.