கதவுப் பலகைப் பெட்டி

கடல் வந்து போன பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியது முன்கதவு ஒன்றுதான். அம்மாவையும் அன்றைக்கே கடல் கொண்டுபோய்விட்டது. குருக்கள்மடத்துக் கடற்கரையில் நின்ற வீட்டின் கதவு, பெருந்தெருவைத் தாண்டி வாவிப் பக்கத்து வயல் வரம்பில் கிடந்தது. அப்பா அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். பிறகு எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டுக்குத் தகரக் கதவு போட்டிருந்தார்கள். ஆகவே அந்த முதிரை மரக் கதவு இரண்டு வருடம் சும்மா சுவரில் சாய்ந்து நின்றது.

அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. சண்டைக் காலம். அந்த வயதுப் பிள்ளை தெருவில் நடந்தால் ஒரு பக்கத்தார் சண்டைக்கு வா என்பார்கள், மற்றப் பக்கத்தார் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஒழுங்கை வீடுகளிலேயே இரண்டு பேர் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. அண்ணன் காத்தான்குடியில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். அப்பா அதை மறித்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள இருந்து செய்யிற வேலையாப் பாரு மகன். படலையைத் தாண்டப்படாது."

கடைக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவோம், இரக்கமுள்ளவர். ஒரு பழைய கொம்பியூட்டரின் உள்சாமான்களைச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் அவரே கொண்டுவந்து தந்தார். "பொட்டிதான் துருப்புடிச்சு உக்கிப் போச்சு தம்பி. உள்ளுக்க உசிர் இரிக்கி" என்றார்.

அந்த உயிருக்கு ஓர் உடம்பு வேண்டும். அண்ணன் கதவைப் பார்த்தான், ஆனால் கேட்கவில்லை. மறுநாள் அப்பாவே வாளோடு வந்து நின்றார். "அறுடா. கொம்மா இருந்தா அவதான் முதல்ல அறுக்கச் சொல்லியிருப்பா."

பதினைந்து நாள் வேலை. பலகை ஆடாமல் இருக்க நான் மறுமுனையில் ஏறிக் குந்தியிருப்பேன். "ஆடாம இரிகா தங்கச்சி. நீ ஆடினா கொம்பியூட்டரும் உன்னை மாதிரிக் கோணிப்போம்" என்பான் அண்ணன். பால்மாத் தகர ரின்னைத் தட்டி விரித்து உள்ளே தகடு வைத்தான். பேனைக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி மதர்போர்ட்டுக்குக் கால் செய்தான். இயக்குவதற்கு, வீட்டு வாசலில் வைக்கிற அழைப்புமணிப் பொத்தான்.

சூடு வெளியேறுவதற்குப் பின்பக்கம் ஓட்டை போடப் போனபோது அப்பா தடுத்தார். "மேல் பலகையில வேல் மாதிரிப் போடு. முருகன் காவலா இருக்கட்டும்."

"முருகனுக்கு உள்ளுக்க வேர்க்கும் அப்பா" என்று அண்ணன் பகிடி விட்டான். ஆனாலும் கைத்துறப்பணத்தால் இருபத்தொரு ஓட்டை போட்டான். வேல் வடிவாகத்தான் வந்தது.

கலியாண அழைப்பிதழ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் அடித்துத் தரச் சொல்லி எங்கள் வீடு தேடி வந்தன. மூன்று மாதம் அண்ணன் படலையைத் தாண்டவில்லை. அப்பா வீச்சுவலையை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போகும்போது ஒருதரம், திரும்பி வந்ததும் ஒருதரம் பெட்டியைத் தொட்டுக் கும்பிடுவார்.

சரஸ்வதி பூசை வந்தது. கடைசி நாள் காலையில் மஞ்சள் கலந்த கும்பத்துத் தண்ணீரை அப்பா மாவிலையால் வாசலிலும் வலையிலும் என் புத்தகங்களிலும் தெளித்துவிட்டு, "மிச்சத்தை நீ தெளி புள்ள" என்று செம்பை என்னிடம் தந்தார். அண்ணன் கொம்பியூட்டரை அப்படியே ஓடவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருந்தான். நான் பெட்டியின் மேல் தெளித்தேன். மேலே இருப்பது எங்கள் கதவுதானே, உயிர் உள்ளே அல்லவா இருக்கிறது, அதற்கல்லவா அம்மனுடைய தண்ணீர் படவேண்டும் என்று தோன்றியது. செம்பில் மிஞ்சியதை வேலின் மேல் மெதுவாக ஊற்றினேன்.

டப் என்று ஒரு சத்தம். கருகிய மணம். திரை இருண்டது.

அண்ணன் ஈரத் தலையோடு ஓடி வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே காற்றாடியின் மேல் ஒரு மாவிலைக் கிழிசல் கிடந்தது. அதை எடுத்து இடுப்புச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டான். அப்பா வந்து கேட்டபோது, "பழைய சாமான்தானே அப்பா, பவர் சப்ளை எரிஞ்சிட்டு. நானாட்ட ஒண்டு கிடக்கு" என்றான்.

"நானாவைக் கொண்டுவரச் சொல்லுவம்."

"நாளைக்குக் கேள்விப் பேப்பர் குடுக்கோணும். போன கையோட வாறன்."

என்னைக் கடக்கும்போது தலையில் ஒரு குட்டு வைத்து, "வாயத் திறவாத" என்று மெல்லச் சொன்னான். பட்டப்பகலில் சைக்கிளில் போனான். கடைக்கு வந்து சேரவேயில்லை என்று நானா அழுதுகொண்டு வந்து சொன்னார். சைக்கிளும் அகப்படவில்லை.

என்னோடு கோபித்துக்கொண்டுதான் வராமல் இருக்கிறான் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியை முற்றத்து வெயிலில் காயவைப்பேன். பொழுதுபட முன் அழைப்புமணிப் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். அது உயிர்த்தால் அவனும் வந்துவிடுவான் என்பது என் கணக்கு.

சண்டை முடிந்து, காணாமல்போன பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்று யார் எந்த இடத்தைச் சொன்னாலும் அப்பா அண்ணனுடைய படத்தோடு போனார். போன மாதிரியே திரும்பி வந்தார். இப்போது அவரும் இல்லை. பெட்டி என் வீட்டுச் சாமியறையில் இருக்கிறது. முருகனை நான் நொந்துகொள்ளவில்லை. விளக்கு வைக்கும்போது அண்ணனுடைய பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன். தண்ணீர் ஊற்றியதைக் கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை. முதலில் அடிப்பார் என்ற பயம், பிறகு தாங்கமாட்டார் என்ற பயம்.

அன்றைக்கு அண்ணன் போய் ஒரு மாதம் இருந்திருக்கும். ஒரு பின்னேரம் அப்பா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வேலின் ஓட்டைகளைச் சுற்றிக் கும்பத் தண்ணீரின் மஞ்சள் காய்ந்து கறையாகியிருந்தது. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு உருகிய மெழுகை ஒவ்வொரு ஓட்டையாகச் சொட்டு விட்டு அடைக்கத் தொடங்கினார்.

"பல்லி உள்ளுக்க போகுமெண்டா அடைக்கிறீங்க அப்பா?"

"ஓம் புள்ள."

ஊற்றிய என் கையை விட்டுவிட்டு, ஓட்டை போடச் சொன்ன தன் வாயைத்தான் அவர் நொந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. காற்றில் மெழுகுதிரி அணைய அணைய, நான்தான் பக்கத்தில் இருந்து கொளுத்திக் கொடுத்தேன். இருபத்தொரு ஓட்டையும் அடைபடும்வரை.