தோழி ஏன் பேசவில்லை

தென்காசியில் ஒரு நூலகத்தில் நான் அட்டெண்டராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டி, கிழிசலை ஒட்டி, பென்சில் கிறுக்கலை ரப்பரால் அழிப்பது என் வேலை. வேலை நிரந்தரமாகவில்லை. யாரிடமும் அதிகம் பேசவும் மாட்டேன்.

ஒரு காதல் நாவல் மட்டும் அலமாரியில் தங்காது. அதில் காதலன் எழுதிய கடிதத்தை நாயகியின் சித்தப்பா ஒளித்துவைக்கிறார். தோழிக்கு அது தெரியும். கடைசிவரை அவள் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ, 'தோழி ஏன் பேசவில்லை? பொறாமை பிடித்தவள்' என்று எழுதியிருந்தார்கள். ரப்பரை எடுத்தேன், மனம் கேட்கவில்லை. 'பொறாமை இல்லை. அந்த வீட்டில் அண்டிப் பிழைக்கிறவள். பேசினால் எங்கே போவாள்?' என்று கீழே எழுதி, புத்தகத்தை அடுக்கிவிட்டேன்.

அது நூலகர் கையில் சிக்கியது. சனிக்கிழமைதோறும் குற்றாலத்திலிருந்து பஸ் ஏறி வரும் டீச்சரிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியும் டீச்சர். கேள்வியும் நீங்க, பதிலும் நீங்களா?"

"மேல இருக்கது நான்தான் சார், தப்புதான். கீழ இருக்கது யாருன்னு தெரியாது."

"தெரியுத வரைக்கும் உங்களுக்குப் புத்தகம் கிடையாது."

நான் பசைத் தூரிகையும் கையுமாக நின்றேன். வேலை போய்விடும் என்று பயம். டீச்சர் நனைந்த குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். அந்தத் தோழியும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது.

"சார், அது நான் எழுதினது" என்றேன்.

"என்னவே, நீரா? அழிக்கச் சொன்னா பதிலா எழுதுதீரு?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் நிமிர்ந்தார். "முடிவ மட்டும் சொல்லிராதிய. நான் பாதிதான் படிச்சிருக்கேன்."

நூலகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரப்பரை மேஜைமேல் வைத்தார். "எழுதினவங்களே அழிங்க. அழிச்சிட்டு டீச்சர் புத்தகம் எடுத்துக்கிடட்டும்."

திரும்பி வந்து தன் வரியை அழிக்கும்போது டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அவ பயந்தவன்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"பேசாம நிக்கவங்களப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும் டீச்சர்."

"நீங்க பேசிட்டியளே. அவளும் பேசிருக்கலாம்லா?"

ரப்பரை வாங்கி என் வரியை அழித்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிறுக்கலை அழிக்குமுன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பதில் எழுதாதீர்கள். எழுதிவிட்டால், பழி விழுந்தவர் வாசலைத் தாண்டும் முன்பு ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு வேலை போகவில்லை.