பெயர் சுரண்டிய ஐசி

கோதண்டம் செய்து விற்ற மோட்டார் போர்டுகள் மொத்தம் அறுபத்திரண்டு. கே.ஜி.கண்டிகையிலிருந்து கனகம்மாசத்திரம் வரை எந்தப் பம்புசெட்டுக் கொட்டகையில் எட்டிப் பார்த்தாலும் அதில் ஒன்று தொங்கும். கரண்டு வந்தால் தானே மோட்டாரைப் போடும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் தானே அணைக்கும். இரண்டையும் முடிவு செய்வது போர்டின் நடுவில் செருகியிருக்கும் எட்டுக் கால் ஐசி, விரல்நுனி அளவுக் கறுப்புச் சில்லு. அதன் முதுகில் அச்சடித்திருந்த பெயரை ஒவ்வொரு முறையும் கோதண்டம் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் விற்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் கஜபதி பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்ற பயம். கஜபதியும் தன் போர்டுகளில் சுரண்டுகிறவர்தான். தொழில் அப்படி.

போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் கோதண்டத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. கடையை அவர் மனைவி வசந்தி திறந்தாள். வருடக்கணக்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்து போர்டுகளுக்கு ஈயம் பற்ற வைத்தவள். கம்பி, ரிலே எல்லாம் அவள் கைக்குப் பழக்கம். ஐசியை மட்டும் அவரே செருகுவார். அது என்ன ஐசி என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தை மாதம் கே.ஜி.கண்டிகை சின்னசாமி ஒரு போர்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா வசந்தி, உன் ஊட்டுக்காரன் போர்டு தூங்குது. கரண்டு வருது, மோட்டார் போட மாட்டேங்குது."

"வச்சிட்டுப் போங்க நைனா. ரெண்டு நாள்ல குடுத்துடறேன்."

"நெல்லு கதிர் வாங்கிகினு கீது. கையால போட்டுட்டு, போர்ல தண்ணி எறங்குதான்னு எவன் பார்த்துகினு நிப்பான்? ஏற்கெனவே ஒரு மோட்டார எரிச்சவன் நானு. முடியாதுன்னா சொல்லிடு, கஜபதி கிட்ட போறேன்."

"அவரு தொறந்து பார்த்துட்டு உங்கள இங்கயேதான் அனுப்புவாரு."

போர்டைத் திறந்து பார்த்ததில் மற்றதெல்லாம் சரியாக இருந்தது. ஐசிதான் செத்திருந்தது. வசந்தி போனில் படம் எடுத்து, பெயர் தெரியாத பார்ட்டைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிற எலக்ட்ரானிக்ஸ் இணையதளம் ஒன்றில் போட்டாள். ஆங்கிலத்தைப் போனே மொழிபெயர்த்தது. படம் மங்கல் என்றார் ஒருவர். பின்பக்கத்தையும் காட்டு என்றார் இன்னொருவர். சுரண்டிய கை கிடைத்தால் அதையும் படமெடுத்துப் போடுங்கள் என்று ஒருவர் கிண்டலடித்தார். அந்தக் கை எதிரே நாற்காலியில், கோதண்டத்தின் மடியில் கிடந்தது.

ஒருவர் மட்டும் எந்தக் காலுக்குக் கரண்டு வருகிறது என்று கேட்டார். மீட்டரை வைத்துப் பார்த்து, முதல் காலில் ஐந்து வோல்ட், எட்டாவது கால் எர்த் என்று எழுதினாள். பதில் உடனே வந்தது: 'அது குட்டிக் கம்ப்யூட்டர். பெயரைக் கண்டுபிடித்துப் புதிதாக வாங்கினாலும் வெறும் ஐசிதான். உள்ளே எழுதியிருக்கும் புரோகிராம் வேண்டும். ஓடுகிற ஐசி ஒன்று கிடைத்தால் அதிலிருந்து காப்பி எடுக்கலாம். காப்பி எடுக்க முடியாதபடி லாக் போட்டிருக்கக் கூடாது. பின்பக்கப் படம் எங்கே?'

போர்டைத் திருப்பினாள். கோதண்டத்தின் இடது கை வந்து அதை மூடியது.

"எடு பாவா கைய."

எடுக்கவில்லை.

"ஊரு பார்த்துடும்னா? பார்க்கட்டும். கஜபதிக்குத் தெரியக் கூடாதுன்னு எனக்கும் சேர்த்து மறைச்சி வச்சிகீறியே, இப்ப நான் யாரப் போயி கேக்கறது?"

அவர் கை மெல்ல நகர்ந்தது.

கோதண்டம் புரோகிராம் எழுதிய பழைய கம்ப்யூட்டர் எப்போதோ மழையில் நனைந்து செத்திருந்தது. டப்பாவில் இருந்த, பெயர் சுரண்டிய மொட்டை ஐசிகளை ஒவ்வொன்றாகச் செருகி, மோட்டாருக்குப் பதில் பல்பு மாட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் பல்பு எரியவில்லை. எல்லாம் புரோகிராம் ஏறாத வெற்று ஐசிகள். அப்போதுதான் கோதண்டம் இடது கையை நீட்டிக் கொல்லைப் பக்கம் காட்டினார்.

வீட்டுப் போர் மோட்டாருக்கும் அவர் போர்டுதான். அதைத் திறந்தாள். யாரும் திறக்க மாட்டார்கள் என்று அந்த ஐசியை மட்டும் அவர் சுரண்டவில்லை. பெயர் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை மின்சார ரயிலேறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அந்த ஐசியைக் காப்பி எடுக்கக் கொடுத்தாள். கடைக்காரர் மிஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லாக் போட்டுகீதும்மா. ஓடும், ஆனா உள்ள கீறது வெளிய வராது. யாரு போட்டது?"

"எங்க ஊட்டுக்காரரு."

"கெட்டிக்காரருதான்," என்று சிரித்தார்.

திரும்பி வந்ததும் அதே ஐசியைச் சின்னசாமியின் போர்டில் செருகினாள். பல்பு எரிந்தது. தண்ணீர் மட்டம் பார்க்கும் கம்பியைக் கழற்றியதும் அணைந்தது. கோதண்டம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நாளுன்னு சொல்லிட்டு வாரத்தையே ஓட்டிட்ட. ஓடுது இல்ல?" என்றார் போர்டை வாங்க வந்த சின்னசாமி.

"ஆங், ஓடுது நைனா."

வீட்டுத் தொட்டிக்கு இனி அவளே மோட்டார் போட்டு, அவளே நின்று அணைக்க வேண்டும். லாக் விஷயத்தைத் தளத்தில் எழுதினாள். 'அப்படியானால் புதிதாகத்தான் எழுத வேண்டும். முதலில் எழுதியவரைக் கேட்க முடியுமா?' என்று அந்த மனிதர் கேட்டிருந்தார்.

அதற்கு அவள் பதில் எழுதுவதற்குள் கனகம்மாசத்திரத்திலிருந்து தூங்கிப்போன அடுத்த போர்டு வந்துவிட்டது.